பருவம் அறிந்த பூ

வெங்காயப் பாத்தியில் பூத்தண்டு எழுந்திருப்பதை முதன்முதலாகக் காண்கிறவனுக்கு அது ஒரு குறை என்று உடனே தோன்றுவதில்லை. நேற்று மாலை நீர் பாய்ச்சியபோது கண்ணில் படாத ஒன்று, இன்று காலை தாள்களின் நடுவிலிருந்து நிமிர்ந்து நிற்கிறது. தாளைப் போலவே பச்சை நிறம். ஆனால் விரலால் பற்றிப் பார்த்தால் தாளுக்கு இல்லாத ஓர் உறுதி. நாளடைவில் அது ஓங்கி வளர்ந்து, உள்ளே குழலாகி, இடுப்புக்குக் கீழே சற்றுப் பருத்து, நுனியில் காகிதம் போன்ற மெல்லிய உறைக்குள் ஒரு மொட்டைத் தாங்கிக்கொண்டு காற்றில் மெல்ல ஆடும். பிறகொரு நாள் அவ்வுறை கிழிந்து, சிறு சிறு வெண்பூக்கள் நூற்றுக்கணக்கில் ஒரே உருண்டையாக விரியும்போது, இத்தனை அழகை இந்தச் செடி இதுவரை எங்கே ஒளித்து வைத்திருந்தது என்று ஆச்சரியப்படாதவர் இருக்கமாட்டார்கள். ஆயினும் அநுபவம் மிகுந்த தோட்டக்காரர் அந்த மொட்டைக் கண்ட கணத்திலேயே வருந்துகிறார். ஏனெனில், மேலே பூ எழுந்த செடியின் கீழே காய் இனிப் பருக்காது என்பதும், பருத்த அளவும் பரணில் நெடுநாள் தங்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

கோத்தகிரியில், கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்குச் சற்றே குறைந்த உயரத்தில், வீட்டின் பின்புறத்தில் ஐந்தாறு பாத்திகள் போட்டுக் காய்கறி பயிரிட்டு வரும் எனக்கு, இந்த வருத்தம் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில் நேர்ந்தது. ஆவணி பிறந்தவுடனேயே பெல்லாரி வெங்காய விதையை நாற்றங்காலில் தூவி, புரட்டாசிக் கடைசியில் நாற்றைப் பிடுங்கிப் பாத்தியில் நட்டு, ஐப்பசி மழையின் ஈரத்திலும் தொழுவுரத்தின் வளத்திலும் அவை மார்கழிக்குள் கட்டைவிரல் பருமன் கழுத்துடன் செழித்து நின்றதைக் கண்டு நான் பெரிதும் மகிழ்ந்திருந்தேன். பொங்கல் கழிந்து பத்து நாள் ஆவதற்குள் மூன்றில் ஒரு பங்குச் செடி தண்டெடுத்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் ஆயுள் முழுவதும் பூண்டு பயிரிட்டு வந்த படகப் பெரியவர் ஒருவர் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்.

"தண்ணீர் குறைந்துவிட்டதா, பெரியவரே? இல்லை, எரு அதிகமாகிவிட்டதா?" என்று கேட்டேன்.

"தண்ணீரும் இல்லை, எருவும் இல்லை, ஐயா. நாற்று முற்றிப்போய்க் குளிரைப் பார்த்துவிட்டது. குளிரைப் பார்த்த வெங்காயம் பூவுக்குத்தான் போகும், காய்க்குத் திரும்பாது" என்றார் அவர்.

பிற்பாடு இந்த விஷயத்தைப் பற்றி நான் படித்தவையெல்லாம் அவர் சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களுக்கு எழுதப்பட்ட விரிவுரைகளாகவே எனக்குப் படுகின்றன.

வெங்காயம் ஈராண்டுப் பயிர். அதன் ஆதி இருப்பிடம் மத்திய ஆசியாவின் மலைப் பிரதேசம் என்பது தாவர நூலோர் துணிபு. கடுங்கோடையும் கடுங்குளிரும் மாறி மாறி ஆளும் அந்நிலத்தில், முதலாண்டில் இலை விட்டு, அவ்விலைகளின் அடிப்பகுதிகளில் உணவைச் சேர்த்துத் தடிப்பாக்கி, மண்ணோடு மண்ணாக ஒடுங்கிக் கிடந்து, குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே இரண்டாம் ஆண்டில் அந்தச் சேமிப்பையெல்லாம் செலவிட்டுப் பூத்து, விதை கொடுத்து, மாய்வது என்ற ஒழுங்கை அது பயின்றுகொண்டது. நாம் காய் என்று சொல்லிச் சந்தையில் நிறுத்து வாங்குவது, அந்த இரண்டு ஆண்டுகளுக்கு இடையே செடி தன் சந்ததியை உத்தேசித்துக் கட்டி வைத்த களஞ்சியம். நம் அடுக்களை அந்தக் களஞ்சியத்தை நம்பி இருக்கிறது. ஆகவே வெங்காயம் பயிரிடுவது என்பதே, ஒரு செடியின் வாழ்வில் சேமிப்பு முடிந்து செலவு தொடங்காத அந்த இடைவேளையை நம் பயனுக்காகப் பிடித்து நிறுத்துகிற வித்தை என்று சொல்ல வேண்டும்.

அப்படியானால் செலவைத் தொடங்கலாம் என்று செடிக்கு அறிவிப்பது எது? குளிர்தான். ஆனால் எந்தக் குளிரும் அல்ல. எந்த வயதிலும் அல்ல. உறைபனியை ஒட்டிய கடுங்குளிரில் செடியின் வளர்ச்சியே ஏறத்தாழ நின்றுவிடுவதால் அதன் உள்ளே எந்த மாறுதலும் விரைந்து நடைபெறுவதில்லை. 8 முதல் 12 டிகிரி செல்சியஸ் வரையிலுள்ள மிதமான குளிர் பல வாரங்கள் நீடிக்கும்போதுதான் பூக்கும் சங்கற்பம் அதனுள் உறுதிப்படுகிறது. அதிலும் இளநாற்றுக்கு இந்த அறிவிப்பு எட்டுவதில்லை. நான்கைந்து இலைகள் விட்டு, கழுத்து ஒரு பென்சிலின் பருமனைத் தாண்டி, உள்ளே ஓரளவு உணவைச் சேர்த்துக்கொண்ட செடியே குளிரை ஒரு செய்தியாக ஏற்கிறது. அதற்கு இளையது அதே குளிரில் அதே பாத்தியில் நின்றாலும் பேசாமல் இருந்துவிடுகிறது. கையில் முதல் இல்லாதவன் மேலே வீடு கட்டத் தொடங்குவதில்லை அல்லவா? கோத்தகிரியின் மார்கழி இரவுகள் 10 டிகிரியை ஒட்டியே கழிகின்றன. அந்த இரவுகள் வருமுன்னே என் செடிகளைக் கட்டைவிரல் பருமனுக்கு வளர்த்து நிறுத்தியிருந்த என் முன்னேற்பாடே, அவற்றைப் பூக்கச் சொன்ன ஆணையாக முடிந்தது.

தானியங்களில் இந்த உண்மையை முறையாக ஆராய்ந்து 1918-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் குஸ்டாவ் காஸ்னர் என்ற ஜெர்மானியத் தாவரவியலார். முளைவிட்ட குளிர்கால ரை தானியத்தைச் சில காலம் குளிரில் வைத்து எடுத்தாலன்றி அது உரிய காலத்தில் கதிர் விடாது என்பதை அவர் காட்டினார். குளிர் என்பது செடியைத் தளரச் செய்யும் துன்பம் என்று மட்டும் நினைத்திருந்த காலத்தில், அது செடியின் நினைவில் பதிகிற ஒரு கணக்கு என்ற கருத்து எவ்வளவு புதியதாக இருந்திருக்கும்! வெங்காயத்திலும் நடப்பது இதுவே. குளிர் நிலவுகிற நாட்களில் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. குளிர் நீங்கி வெயில் ஏறிய பிறகு, அதை நாமெல்லாம் மறந்திருக்கும் வேளையில், செடி தான் மறக்கவில்லை என்று தண்டை நீட்டிக் காட்டுகிறது.

வெங்காயத்தை உரித்துக்கொண்டே போனால் கடைசியில் உள்ளே ஒன்றும் இராது என்று நம் நாட்டில் ஞானிகளும் சொல்வார்கள், வாய்ச்சண்டையிடுகிறவர்களும் சொல்வார்கள். உரிப்பதை விட்டுவிட்டு, நல்ல கூரிய கத்தியால் உச்சியிலிருந்து வேர்வரை நெடுக்காக ஒரு காயைப் பிளந்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள நேரும். வேருக்கு மேலே நாணயம் போன்ற ஒரு சிறு தட்டு இருக்கிறது. வெங்காயச் செடியின் மெய்யான தண்டு அதுதான். நாம் உரித்தெறியும் அடுக்குகளெல்லாம் அந்தத் தட்டிலிருந்து எழுந்த இலைகளின் தடித்த அடிகள். அத்தட்டின் நடுவில், எல்லா அடுக்குகளுக்கும் உள்ளே, வெளிர்பச்சையாக ஒரு சிறு குருத்தும், அக்குருத்தின் மடிக்குள் கண்ணாடி வைத்துப் பார்த்தாலே தெரியக்கூடிய ஒரு புள்ளியும் இருக்கின்றன. அந்தப் புள்ளியிலிருந்துதான் இலைக்குப் பின் இலையாகப் பிறக்கிறது. குளிரின் கணக்கு நிறைவேறியதும் அதே புள்ளிதான் இலை ஈனுவதை நிறுத்திக்கொண்டு பூங்கொத்தாக மாறிவிடுகிறது. ஒன்றும் இல்லை என்று எந்த இடத்தைச் சொல்கிறோமோ, அந்த இடத்தில்தான் செடியின் வாழ்வு முழுவதும் நிர்ணயமாகிறது.

2013-ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் இதைப் பற்றி வெளியிட்ட ஒரு முடிவு என் மனத்தில் ஆழப் பதிந்திருக்கிறது. காய் கட்டச் சொல்லும் செய்தியையும் பூக்கச் சொல்லும் செய்தியையும் செடிக்குள் ஏந்திச் செல்பவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுக்களே என்று அவர்கள் கண்டார்கள். ஒன்று பகலின் நீளத்தைக் கேட்டுக் காயைக் கட்டச் சொல்கிறது. இன்னொன்று குளிரின் நீளத்தைக் கேட்டுப் பூவை எழுப்பச் சொல்கிறது. மூன்றாவதொன்று, காலம் வருமளவும் காய் கட்டவிடாமல் தடுத்து நிறுத்துகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே வீட்டின் வரவையும் செலவையும் காவலையும் பகிர்ந்துகொண்டு நிர்வகிப்பதைப் போன்றது இது. சேமிப்பது செடியின் இயல்பு என்றும் பூப்பது அதன் பிழை என்றும் பிரித்துப் பேச இனி நமக்கு நியாயம் இல்லை.

பகலின் நீளம் என்று சொன்னேன். அதையும் நான் அநுபவத்தால் அறிந்தேன். இங்கிலாந்தில் வாழும் நண்பர் ஒருவர், அந்நாட்டுத் தோட்டங்களில் தேங்காயளவுக்குப் பருக்கும் ஒரு வகையின் விதையை அன்போடு கொண்டுவந்து கொடுத்தார். நீலகிரியின் குளுமை அதற்கு உகந்ததாக இருக்கும் என்று இருவரும் நம்பினோம். முளைத்தது, வளர்ந்தது, தாள்கள் முழங்காலுக்கு மேல் ஓங்கின, காய் மட்டும் கட்டவேயில்லை. அத்தகைய நெடும்பகல் வகைகள் 14 மணி நேரத்துக்கு மேற்பட்ட பகலைக் கண்டால்தான் காய் கட்டத் தொடங்கும். லண்டனில் ஆனி மாதத்துப் பகல் 16 மணி நேரத்தையும் கடக்கிறது. நம் மலையோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 டிகிரியை ஒட்டிக் கிடப்பதால், இங்கே மிகக் குறுகிய பகல் ஏறத்தாழ 11½ மணி நேரம். மிக நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. வருஷம் முழுவதும் காத்திருந்தாலும் கிடைக்காத ஒரு சமிக்ஞைக்காக அச்செடி காத்திருந்தது. அதற்குள் மலையின் குளிர் வந்து மற்றொரு சமிக்ஞையைக் கொடுத்துவிட்டது. காய் கட்டாமலே பூத்து ஓய்ந்தது. குளிர்ந்த ஊர் என்பதனால் ஓர் ஊர் மற்றோர் ஊராகிவிடாது என்பதை ஒரு செடியிடம் கற்றுக்கொண்டேன்.

இனி, தோட்டக்காரன் செய்யக்கூடியது என்ன? பூத்தண்டைக் கண்டவுடன் ஒடித்துவிட்டால் செடி மனம் மாறிக் காய்க்குத் திரும்பிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நடுப்புள்ளியே பூவாக மாறிய பிறகு திரும்புவதற்கு அங்கே எதுவும் மிஞ்சவில்லை. ஒடிப்பதனால் விதைக்குப் போகும் உணவு மிச்சமாகிக் காய் சிறிது பருக்கக்கூடுமேயன்றி, அதன் நடுவே குச்சிபோல ஓடிய தண்டு நீங்காது. குழலாக ஒடிந்து நிற்கும் அந்தத் தண்டின் வழியாக மழைநீர் உள்ளே இறங்கினால் அழுகலும் கூடவே இறங்கும். ஆதலால் தண்டெடுத்த செடியைப் பிடுங்கி அன்றாடச் சமையலுக்கு முதலில் செலவிட்டுவிடுவதே அறிவுடைமை. இளந்தண்டும் மொட்டும் வீணாக வேண்டியவை அல்ல. பொடியாக அரிந்து, பாசிப்பருப்போடு வேகவைத்து, தேங்காய்த் துருவல் தூவி இறக்கினால், தாளின் மணமும் காயின் இனிப்பும் கலந்த ஒரு ருசி அதற்கு உண்டு.

ஆனால் மெய்யான பரிகாரம் தண்டு தோன்றுவதற்குப் பல மாதங்களுக்கு முன்னே, விதை தூவும் நாளிலேயே இருக்கிறது. குளிரின் உச்சத்தில் நாற்று இளையதாக இருக்க வேண்டும். குளிர் தணியும்போது அது முழு மூச்சோடு வளரத் தயாராகவும் இருக்க வேண்டும். எங்கள் மலையில், ஐப்பசிக் கடைசியிலோ கார்த்திகையிலோ விதைத்து, மார்கழியின் குளிரை நாற்று தன் மழலைப் பருவத்திலேயே கடந்துவிடும்படி விட்டு, தையில் பாத்திக்கு மாற்றினால், மாசி பங்குனி வெயிலில் அது ஒரே வேகமாகக் காய் கட்டி, தென்மேற்குப் பருவமழை வருமுன் தாள் சாய்ந்துவிடுகிறது. நாற்றைப் பிடுங்கும்போது பென்சிலைவிடத் தடித்தவற்றை ஒதுக்கிவிட வேண்டும். செழிப்பான நாற்றே சிறந்த நாற்று என்று கத்தரியிலும் மிளகாயிலும் பழகிய கைக்கு இது எளிதில் வராது. ஆயினும் வெங்காயத்தில் நடுத்தரமான நாற்றே கடைசியில் நிறைந்த காயைத் தருகிறது. மகாராஷ்டிரத்தில் பின்மழைக் காலத்துக்கென்று முன்கூட்டி நட்டுக் குளிரினூடே வளர்க்கும் வெங்காயத்தில் பூத்தண்டும் இரட்டைக் காயும் மிகுதியாக வருவதும், கார்த்திகை மார்கழியில் தொடங்கிக் கோடையில் அறுவடையாகும் பயிரில் அவை குறைவதும், பரந்த வயல்களில் தெரிகிற இதே உண்மைதான்.

விதைக்குப் பதிலாகச் சிறு காய்களை நட்டுப் பயிர் செய்யும் குளிர்நாட்டார்க்கு இன்னொரு கவனம் வேண்டியிருக்கிறது. நடும் காயின் குறுக்களவு 2 சென்டிமீட்டரைத் தாண்டினால் அது பூவுக்குப் போகும் வாய்ப்பு அதிகம். ஏனென்றால் குளிரின் செய்தியை ஏற்பதற்கு வேண்டிய முதல் அதனிடம் ஏற்கனவே சேர்ந்திருக்கிறது. அக்காய்களை அதுவரை வைத்திருக்கும் இடமும் முக்கியம். மிதமாகக் குளிர்ந்த அறையில் வைத்தால், மண்ணைக் காணுமுன்னே அவை பூக்கத் தீர்மானித்துவிடும். 25 முதல் 30 டிகிரி வரையிலுள்ள உஷ்ணத்தில் வைத்திருந்தால் அந்தத் தீர்மானம் பிறப்பதில்லை. முன்பு பட்ட குளிரின் ஞாபகத்தைக்கூட அவ்வுஷ்ணம் ஓரளவு துடைத்துவிடுகிறது. நம் பெரம்பலூர், திண்டுக்கல் சீமைக் குடியானவர்கள் சின்ன வெங்காயத்தைத் தரைக்கு மேலே எழுப்பிய பட்டறைகளில், காற்றோட்டமாக, நாட்டின் இயல்பான வெப்பத்திலேயே வைத்து விதைக்காய்க்குக் காப்பாற்றுகிற முறை, இந்த நோக்கில் பார்க்கும்போது எவ்வளவு பொருத்தமாகத் தோன்றுகிறது! இவற்றோடு தழைச்சத்துக்குப் பஞ்சம் நேராமல் இளமையிலேயே எருவிட்டுப் பேணுவதும் உதவும். சத்துக் குறைந்த மண்ணில் நிற்கும் செடி பூவுக்கு விரைகிறது என்பது சோதித்தறிந்த செய்தி. பிற்பட்ட பருவத்தில் எருவை அள்ளிக் கொட்டினால் கழுத்துத் தடித்துக் காய் காயாமற் போகும் என்பதையும் உடன் நினைவில் வைக்க வேண்டும்.

தண்டெடுத்த செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த முதல் தை மாதத்தில் எனக்கு வேறொரு எண்ணமும் உண்டாயிற்று. எப்படியும் பூத்துவிட்டன, விதையையாவது எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்பது அது. பெரியவர் அதற்கும் தலையசைத்து மறுத்தார். முந்திப் பூத்ததன் விதையை எடுத்தால் அடுத்த பயிரும் முந்திப் பூக்கும் என்றார். அப்படியானால், குளிரின் ஞாபகம் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்குகிறதா என்று நான் நெடுநாள் யோசித்தேன்.

இறங்குவதில்லை. விதை உருவாகும்போது அந்த ஞாபகம் துடைக்கப்பட்டுவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் குளிரைத் தானே பட்டறிய வேண்டும். வம்சத்தில் இறங்குவது, குறைந்த குளிருக்கே செவிசாய்த்துவிடும் அந்தச் சுபாவம். இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை ஒரு தேசமே மதிக்காமற்போனதன் விளைவை இருபதாம் நூற்றாண்டு கண்டது. விதையைக் குளிரூட்டிப் பெற்ற மாறுதல் பரம்பரையாக இறங்கும் என்று சோவியத் நாட்டில் லைசென்கோ பிரசாரம் செய்தார்; அரசாங்கம் அதை ஏற்றது; அதை ஒப்பாத விஞ்ஞானிகள் துன்புறுத்தப்பட்டார்கள். பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடிக் கண்டங்கள்தோறும் அலைந்தவரும், வெங்காயத்தின் தாயகத்தை மத்திய ஆசியாவில் வைத்துக் கூறியவருமான நிகொலாய் வாவிலோவ் 1943-இல் சரடோவ் நகரச் சிறையில் உயிர் நீத்தார். எந்தச் செடியின் ஊரைத் தேடி அவர் மலைகளைக் கடந்தாரோ, அந்தச் செடி தன் ஒவ்வொரு விதையிலும் அவர் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

பூப்பதைக் குறையென்று எல்லோரும் கருதுவதுமில்லை. நம் சின்ன வெங்காயம் பெரும்பாலும் பூவின் வழியை விட்டுவிட்டு, ஒரு காய் பல காயாகப் பிரிந்து பெருகும் வழியைக் கைக்கொண்டது. அதனால் ஒரு ஹெக்டேர் நடுவதற்கு 1,500 கிலோ வரையில் விதைக்காய் வேண்டியிருக்கிறது. விற்றால் பணமாகக்கூடிய காயைக் குடியானவன் மண்ணில் இறைக்கிறான். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் தாராளமாகப் பூத்து விதை பிடிக்கும் கோ 5 என்ற சின்ன வெங்காய வகையை வெளியிட்டபோது, அந்த 1,500 கிலோவின் வேலையை இரண்டு மூன்று கிலோ விதை செய்யக்கூடியதாயிற்று. பெல்லாரி பயிரிடுகிறவன் எதைக் கண்டு வருந்துகிறானோ, அதையே சின்ன வெங்காயம் பயிரிடுகிறவனுக்காக ஆராய்ச்சியாளர்கள் வருந்தித் தேடிக் கண்டெடுத்தார்கள். இதேபோல, 1925-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் ஹென்றி ஜோன்ஸ் என்ற ஆராய்ச்சியாளர், பூத்து நின்ற இத்தாலியச் சிவப்பு வெங்காயங்களுக்கிடையே மகரந்தமே இல்லாத ஒரு செடியைக் கண்டார். தானாக விதை பிடிக்காத அந்தச் செடி, நல்வினைப் பயனாக, தன் பூந்தலையிலேயே குட்டிக் காய்களை ஈன்றது. அக்குட்டிகளை நட்டு அதன் வம்சத்தைக் காப்பாற்றினார்கள். வெங்காயத்தில் கலப்பின விதை உண்டாக்கும் முறை அந்த ஒரு செடியிலிருந்துதான் பிறந்தது. பூந்தலை ஒவ்வொன்றையும் நின்று பார்க்கிற பொறுமை ஒருவருக்கு இருந்ததனால் உலகுக்குக் கிடைத்த செல்வம் அது.

பெரியவருடைய சொல்லைக் கேட்டு, அடுத்த ஆண்டு நான் முறையை மாற்றிக்கொண்டேன். கார்த்திகையில் விதைத்த பயிரில் சித்திரையில் தாள் சாய்ந்தபோது, நன்கு திரண்டு, கழுத்து மெலிந்து, தோல் இறுகிய பன்னிரண்டு காய்களைத் தேர்ந்தெடுத்துப் பரணில் தொங்கவிட்டேன். ஆடி மழையின் ஈரக்காற்றில் மூன்று அழுகின, இரண்டு ஆவணியிலேயே முளைத்தன, அவற்றை விலக்கினேன். பொறுத்திருந்த ஏழையும் புரட்டாசியில் தனிப் பாத்தியில் ஊன்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குச்சி நட்டு, குச்சியில் சிவப்பு நூலைக் கட்டினேன். தை மாதத்தில் அவை தண்டெடுத்தன. அவை நிற்கும்போதே, எவ்வளவு கவனித்தும், புதுப் பயிரில் முந்திக்கொண்ட நாலைந்து தண்டுகளும் எழுந்தன. இரண்டு பாத்தியிலும் நின்ற தண்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் எவரும் வேற்றுமை காணமுடியாது: அதே பச்சை, அதே குழல், அதே காகித உறை. ஒன்று ஒரு குளிரைக் கண்டதும் எழுந்தது. மற்றது கோடை, மழை, இருட்டறை எல்லாவற்றையும் காயாகவே இருந்து கடந்து, தன் காலம் வந்த பிறகு எழுந்தது. வெங்காயப் பூவில் மகரந்தம் முந்தி உதிர்ந்து, சூலகம் பிந்திப் பக்குவமடைவதால், ஒரு பூவின் மகரந்தத்தை மற்றொரு பூவுக்குத் தேனீக்களே கொண்டு செல்ல வேண்டியிருக்கிறது. தேனீக்கு எந்தத் தண்டின் வரலாறும் தெரியாது. ஆகவே முந்தியவற்றை உறை கிழிவதற்கு முன்னே அறுத்து அடுக்களைக்குக் கொடுத்துவிட்டு, நூல் கட்டியவற்றை மட்டும் தேனீக்களிடம் விட்டேன்.

சித்திரை முதல் வாரத்தில் பூந்தலைகள் காய்ந்து, சிறு கூடுகள் வெடித்து, உள்ளே கறுப்பு தெரிந்தது. தலைகளைக் கொய்து, முறத்தில் பரப்பி உலர்த்தி, உள்ளங்கையால் கசக்கிப் புடைத்தபோது, மூன்று மூலையும் சுருங்கிய தோலும் கொண்ட கரிய விதைகள் இரண்டு கைப்பிடி தேறின. இத்தனை காலம் சேமிப்பின் உருவமாகவே நான் அறிந்திருந்த இந்தச் செடி, தன் விதையை மட்டும் நெடுங்காலம் சேமித்து வைக்க விடுவதில்லை. வெங்காய விதையின் உயிர்ப்பு ஓராண்டு கடந்ததுமே விரைந்து குன்றத் தொடங்கிவிடும். அதைக் கையில் வாங்கியவன் வருகிற பருவத்திலேயே மண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு பிடியைத் தாளில் மடித்து, "கார்த்திகைக்கு" என்று மேலே எழுதி, வேலிக்கு அப்பால் நின்றிருந்த பெரியவரிடம் நீட்டினேன். அவர் மடிப்பைப் பிரித்துப் பார்த்து, ஒரு விதையை நகத்தால் அழுத்திச் சோதித்து, "நின்று பூத்தது, ஐயா" என்று சொல்லி, மறுபடி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.